இந்தக் கூண்டிலிருந்து அந்தக் கூண்டுக்கு

போன மாதம் எண்ணூர் கண்டெய்னர் யார்டில், சிக்னல் வேலை பழகும் உங்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவன் கையில் மைக்கைக் கொடுத்தால் லேசில் திரும்ப வராது என்று தெரிந்தும் கூப்பிட்டார்கள். அது அவர்கள் தப்பு. கிரேனுக்குக் கை காட்டும் முறையெல்லாம் சொல்லி முடித்து, டீ வந்த நேரத்தில், பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். "சார், உங்க மேல போலீஸ் கேஸ் இருந்துச்சாமே? தப்பிக்கிற நேரத்துல நீங்களே போய் மாட்டிக்கினீங்கன்னு சொல்றாங்க, நெசமா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளை உட்காரச் சொல்லி இடித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வகுப்புக்காரர் லேப்டாப்போடு வந்து நின்றுவிட்டார்.

அந்தப் பெண்ணுக்கான பதில் இது. மற்றவர்களும் படிக்கலாம். மாட்டிக்கொண்டேன் என்று அவள் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. என்னை யாரும் பிடித்து இழுக்கவில்லை. நானே எழுதிக் கொடுத்து, நானே நடந்து போனேன். என் வேலைக்காலத்தில் எதற்குப் பெருமைப்படுகிறாய் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நான் கொஞ்சம் கர்வம் பிடித்த ஆள், என் மனைவி அடிக்கடி சொல்லிக் காட்டுவாள். இந்த விஷயத்தில் மட்டும் அவள் ஒன்றும் சொல்வதில்லை.

இஸ்மாயில் பாயை உங்களில் யாருக்கும் தெரியாது. தண்டையார்பேட்டைக்காரன், என்னைவிடச் சின்னவன். எங்கள் யார்டில் ஒப்பந்தத்தில் கிரேன் ஓட்டினான். நான் நிரந்தர ஊழியன், கீழே நின்று அவனுக்குக் கை காட்டுகிற சிக்னல்மேன். கேபினில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே முக்கால்வாசி இடம் தெரியாது. கண்டெய்னர் மறைக்கும், லாரி மறைக்கும், தூக்குகிற சுமையே மறைக்கும். அவன் பார்க்க வேண்டியது ஒரே ஒரு ஆளை. முதலாளியே வந்து கத்தினாலும் கிரேன் அசையக் கூடாது, சிக்னல்மேன் கை அசைந்தால்தான் அசைய வேண்டும். 'நிறுத்து' என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். இதையெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொன்னேன். பாய் இதைத் தொழுகை மாதிரி கடைப்பிடித்தான். என் கை பாதியில் நின்றால் அவன் கிரேனும் பாதியில் நிற்கும். ஒரு முறை குளவி வந்து என் காதோரம் சுற்ற, நான் கையை வீசி விரட்டப் போய், மேலே இருந்தவன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். அப்படி ஒரு ஆபரேட்டர்.

விபத்து நடந்தது ஒரு மதிய நேரத்தில். மரப்பெட்டியில் பெரிய இயந்திரம் ஒன்று வந்திருந்தது. அதைத் தூக்கி, திருப்பி, ஷெட் பக்கத்தில் போட்டிருந்த கட்டைகள் மேல் இறக்க வேண்டும். பாயின் கண்ணுக்கு நான் தெரிய வேண்டும், என் கண்ணுக்கு இறக்கும் இடம் தெரிய வேண்டும், அப்படிப் பார்த்து நின்றேன். குறுக்கே ஒரு ட்ரெய்லர் நின்றிருந்ததால் ஒரு மூலை மட்டும் எனக்கு மறைந்திருந்தது. மறுபக்கம் நின்ற சூப்பர்வைசரை வாக்கி டாக்கியில் கேட்டேன். "கிளியர், கிளியர், சீக்கிரம்" என்றார். திருப்பு என்று கையை நீட்டினேன். பாய் திருப்பினான்.

பாதி வழியில் அந்த மூலையிலிருந்து ஒரு மஞ்சள் ஹெல்மெட் வெளியே வந்தது. தனபால். வியாசர்பாடியிலிருந்து வருகிறவர், சுமைக்குக் கயிறு மாட்டுகிற வேலை. நகர்ந்துவிட்ட கட்டை ஒன்றைச் சரிசெய்ய உள்ளே போயிருக்கிறார். நான் இரண்டு கைகளையும் விரித்து 'நிறுத்து' என்று காட்டினேன். கிரேன் உடனே நின்றது. கயிற்றில் தொங்கிய பெட்டி நிற்கவில்லை, வந்த வேகத்தில் முன்னால் போய் தனபாலை ட்ரெய்லரோடு வைத்து அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அவர் இறந்துவிட்டார். அந்த மதியத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தியதாகப் போலீஸ் எங்கள் இரண்டு பேர் மீதும் வழக்குப் போட்டது. குற்றம் சாட்டப்பட்டவனை கோர்ட் காகிதத்தில் 'எதிரி' என்று எழுதுவார்கள். பாய் முதல் எதிரி, நான் இரண்டாம் எதிரி. வருடக்கணக்கில் வாய்தா ஓடியது. கடைசியில் சூப்பர்வைசர் சாட்சிக் கூண்டில் ஏறினார். யாரும் சிக்னல் கொடுக்கவில்லை, ஆபரேட்டர் போனைப் பார்த்துக்கொண்டே தானாகத் திருப்பினார், நிறுத்தச் சொல்லிக் கத்தியும் நிறுத்தவில்லை என்று சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அவர் கணக்கு புரிந்தது. சிக்னல் இருந்தது என்று ஒப்புக்கொண்டால், அந்த சிக்னல்மேனுக்கு 'கிளியர்' சொன்னது யார் என்று அடுத்த கேள்வி வரும். அங்கே இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள், நாங்கள் அந்தப் பக்கம் இருந்தோம், பார்க்கவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு மறுநாளும் வேலை வேண்டுமே.

எனக்காக வாதாடியவர் கம்பெனி வைத்துக்கொடுத்த வக்கீல். அன்று சாயங்காலம் சந்தோஷமாக என் தோளில் தட்டினார்.

"எல்லா சாட்சியும் முதல் எதிரி மேலதான் பேசுது. உங்களப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. நீங்க ஒண்ணுமே பேச வேணாம், வெளிய வந்துடலாம்."

"அப்போ பாய் கதி, சார்?"

"அத அவரோட வக்கீல் பாத்துக்குவார்."

"அவன் என் கையப் பாத்துதான் சார் திருப்புனான்."

"அத என்கிட்ட சொன்னதோட மறந்துடுங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. என்னைக் காப்பாற்றுவது அவர் வேலை, அதைச் செய்தார்.

ஆனால் சட்டம் எப்படி என்று அவர் வாயாலேயே பிடுங்கிக்கொண்டேன். குற்றம் சாட்டப்பட்டவனை யாரும் சாட்சிக் கூண்டில் ஏற்றக் கட்டாயப்படுத்த முடியாது. பேசாமல் இருந்தால் அதை அவனுக்கு எதிராக எடுக்கவும் கூடாது. ஆனால் அவனே விரும்பி எழுதிக் கொடுத்தால், சத்தியம் செய்து சாட்சி சொல்லலாம். தனக்காக மட்டும் என்றில்லை, தன்னோடு சேர்ந்து நிற்கிற இன்னொருவனுக்காகவும் சொல்லலாம். ஏறிவிட்டால் அரசு வக்கீல் என்ன கேட்டாலும் பதில் சொல்லியாக வேண்டும், தன் கழுத்துக்கே கத்தியாக இருந்தாலும் சரி. இதைச் சொல்லிவிட்டு, "அந்த மாதிரி யாரும் ஏற மாட்டாங்க" என்று சிரித்தார்.

இதில் என்னை அசைத்தது ஒன்று உண்டு. அத்தனை வருடத்தில், அத்தனை வாய்தாவில் ஒரு தடவைகூட பாய் என்னிடம், நீ சொல்லேன் என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்காருவான், என் பிள்ளைகளை விசாரிப்பான், ரம்ஜானுக்கு பிரியாணி கொண்டுவருவான். கேஸைப் பற்றி வாயே திறக்க மாட்டான். அவனுக்கு ஜெயில் என்றால் கிரேன் வேலையும் போனது, வீட்டில் சம்பாதிக்க வேறு ஆளும் இல்லை. கேட்டிருந்தால் ஒருவேளை எனக்கும் முரண்டு வந்திருக்கும். கேட்காமல் இருந்தே என்னைத் தூங்கவிடாமல் செய்தான்.

கோர்ட்டுக்கு எதிரில் இருந்த டீக்கடையில் அவனிடம் சொன்னேன்.

"பாய், நான் கூண்டேறப் போறேன். கை காட்டுனது நான்தான்னு சொல்லப் போறேன்."

கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். "இன்னா மாமு, பைத்தியம் புட்ச்சிகிச்சா? நான் ஒன்னாண்ட கேட்டனா?"

"கேக்கல."

"அப்பால இன்னாத்துக்கு? ஒர்த்தன் உள்ள போவ சொல்லோ இன்னொர்த்தன் வெளிய இருந்தாதான் ரெண்டு வூட்டயும் பாத்துக்க முடியும். ரெண்டு பேரும் போய்க்கினா யாரு பாப்பா?"

"நீ இன்னாத்துக்கு உள்ள போவணும்? நீ என் கைய நம்பித் திருப்புன. நான் இன்னிக்கு கைய பாக்கெட்டுல வச்சிகினு நின்னா, நாளைக்கு எந்த ஆபரேட்டரு எவன் கைய நம்புவான்?"

"ஒன்னாண்ட பேச முடியாது, பேஜாரு" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டான்.

செய்தி கம்பெனிக்கு எட்டியது. மேலதிகாரி ஒருவர் கூப்பிட்டு உட்காரவைத்து, "ரிட்டயர்மென்ட் கிட்ட வந்துடுச்சு. கௌரவமா போங்க" என்றார். "அதுக்குத்தான் சார் போறேன்" என்றேன். இந்தப் பதிலை நான் முன்கூட்டி யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை, தானாக வந்தது; பல நாள் அதை நினைத்து நினைத்து சந்தோஷப்பட்டேன். வீட்டில் மனைவியிடம் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "போய் சொல்லிட்டு வா. சொல்லாத வந்து, வூட்டுல மூஞ்சியத் தூக்கி வச்சிகினு இருந்தா அத்த யாரு பாக்கறது?" என்றாள்.

மனுவை நானே தமிழில் எழுதிக் கொடுத்தேன். என் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் வழக்கை விட்டுப் போகவில்லை. அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

சாட்சி சொல்லும் நாள் வந்தது. எதிரிகள் நிற்கும் கூண்டுக்கும் சாட்சிக் கூண்டுக்கும் நடுவே வக்கீல்களின் மேஜை, அவ்வளவு தூரம்தான். பாய் என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏறி சத்தியம் செய்தேன். மூலை மறைந்திருந்தது, கிளியர் என்று காதில் கேட்டது, நான் கை காட்டியது, ஹெல்மெட் தெரிந்தது, நிறுத்தச் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். தனபாலை அந்த மூலைக்கு யார் அனுப்பினார்கள் என்று பாயின் வக்கீல் கேட்டபோது, தெரியாது என்றேன். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சந்தேகத்தைச் சொல்ல நான் கூண்டேறவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்: கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொன்னால்தான் மற்றவர்கள் நீங்கள் சொல்வதை நம்புவார்கள்.

மாஜிஸ்திரேட் ஒரு அம்மா. எழுதிக்கொண்டே இருந்தவர் நிமிர்ந்தார். "சிக்னல்னா எப்படி? காட்டுங்க" என்றார்.

கூண்டுக்குள் கையை நீட்ட இடமில்லை. வெளியே வந்து நின்று காட்டலாமா என்று கேட்டேன், சரி என்றார். ஆபரேட்டரைப் பார்த்து நின்றால்தான் எனக்குக் கை சரியாக வரும் என்றேன், அதற்கும் சரி என்றார். பாயைப் பார்த்து நின்றேன். அவனும் மின்விசிறியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். ஒரு விரலை உயர்த்திச் சுழற்றினேன்: தூக்கு. கையைப் பக்கவாட்டில் நீட்டினேன்: திருப்பு. பிறகு சட்டென்று இரண்டு கைகளையும் விரித்தேன்.

மாஜிஸ்திரேட் என்னைப் பார்க்கவில்லை. எதிரிக் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முதல் எதிரி, நீங்க கையில என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

எல்லோரும் திரும்பினோம். பாயின் இரண்டு கைகளும் இடுப்பு உயரத்தில், கண்ணுக்குத் தெரியாத லீவர்களைப் பின்னால் இழுத்துப் பிடித்தபடி இறுகி நின்றன. நான் தூக்கு என்றபோது ஒரு கை இழுத்திருக்கிறது, திருப்பு என்றபோது இன்னொரு கை தள்ளியிருக்கிறது. அவனுக்கே தெரியவில்லை. குனிந்து தன் கைகளைப் பார்த்து வெட்கப்பட்டுப் போனான்.

"தெரிலீங்கம்மா. அவுரு கை காட்னாரு."

கோர்ட்டே சிரித்தது. அந்த அம்மாவும் கையால் வாயை மறைத்துக்கொண்டார். பிறகு நடந்ததை ஒரு வரி விடாமல் டைப்பிஸ்டுக்குச் சொல்லி எழுதவைத்தார். "கிரேன் நின்னுதுன்னா பெட்டி ஏன் நிக்கல?" என்று என்னைக் கேட்டார்.

"டோல்கேட்டாண்ட பஸ்ஸு பிரேக் அடிச்சா பஸ்ஸு நின்னுடும்மா. கம்பியப் புட்ச்சிகினு நிக்கறவன் முன்னாடி போவான் இல்ல, அத்த மாரிதான்" என்றேன். தலையசைத்தார்.

அடுத்து அரசு வக்கீல் எழுந்தார். நல்ல கெட்டிக்காரர், சத்தமே போட மாட்டார்.

"அப்ப சிக்னல் குடுத்தது நீங்கதான்?"

"நான்தான்."

"அந்த மூலை உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியல."

"தெரியாமயே கை காட்டினீங்க."

"கிளியர்னு சொன்னாங்க. அத்த கேட்டுக் காட்டுனேன்."

"காதால கேட்டீங்க. கண்ணால பாக்கல. அப்படித்தானே?"

என் வக்கீல் ஃபைலை மூடும் சத்தம் எனக்குக் கேட்டது. ஆமாம் என்றால் என் கதை முடிந்தது. இல்லை என்றால், அதுவரை சொன்ன எல்லாமே பொய்யாகிவிடும், பாயின் கதை முடிந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றேன்.

இறங்கி எதிரிக் கூண்டுக்குத் திரும்ப நடந்தேன். பாய் நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.

தனபாலின் மனைவி எல்லா வாய்தாவுக்கும் வருவார், பின்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார். அன்று மாடிப்படி பக்கம் என்னை நிறுத்தினார். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். "ண்ணா, இத்தினி வர்சமா வர்றவங்கல்லாம் நான் பாக்கல, நான் அங்க இல்லன்னே சொல்லிகினு போனாங்க. நீ ஒரு ஆளுதான் நான்தான்னு சொன்ன" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, கேட்கும் யோக்கியதை எனக்கும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படி இறங்கிப் போனார்.

அதன் பிறகு கம்பெனி என்னை யார்டு வாசல் கேட்டில் போட்டது, லாரி நம்பர் பார்க்கிற வேலை. கிரேனுக்கு முதுகைக் காட்டி உட்காரும்படி நாற்காலி போட்டிருந்தார்கள். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். ஓய்வு பெறும் நாள்வரை அப்படித்தான் உட்கார்ந்தேன். ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் தீர்ப்பு நாள் வந்தது.

முதலில் பாயின் பெயரைக் கூப்பிட்டார்கள். முதல் எதிரி சிக்னல்மேனின் கையைப் பார்த்தே இயக்கினார், நிறுத்தச் சொன்னதும் நிறுத்தினார், அவர் மீது குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை என்று வாசித்தார் மாஜிஸ்திரேட். அந்த நொடியில் எனக்கு வந்த பெருமை என் கல்யாணத்தில் வரவில்லை, பிள்ளை பிறந்தபோது வரவில்லை. எனக்கு என்ன வாசிக்கப் போகிறார்கள் என்பதே மறந்துபோய் பாயின் தோளைப் பிடித்து உலுக்கினேன். கோர்ட் சேவகரான டவாலி வந்து என்னைத் தனியாக நிறுத்தினார்.

இரண்டாம் எதிரி, தான் பார்க்காத இடத்தை நோக்கிச் சுமையைத் திருப்பச் சொன்னது கவனக்குறைவு. அவரே உண்மையை முன்வந்து சொன்னதால் குறைந்த தண்டனை: அபராதம், கோர்ட் கலையும்வரை சிறை. அப்படி ஒரு தண்டனை உண்டு. ஜெயிலுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். மாஜிஸ்திரேட் அன்றைய வேலையை முடித்து எழுந்து போகும்வரை கைதியாக அந்த ஹாலிலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். குற்றவாளி என்ற வார்த்தை என் பெயரோடு சேர்ந்துவிட்டது. அப்பீல் போகலாம் என்றார் என் வக்கீல், நான் போகவில்லை. அந்த மூலையை நான் பார்க்காமல்தான் கை காட்டினேன். நீங்கள் நடந்து போய்ப் பாருங்கள். யார் அவசரப்படுத்தினாலும், லாரிகள் வரிசையில் நின்று ஹார்ன் அடித்தாலும், போய்ப் பார்த்துவிட்டு வந்து கையைத் தூக்குங்கள். தூக்கிய பிறகு அது உங்கள் கை. கோர்ட்டிலும் உங்கள் கைதான்.

சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். காலை வேலைகள் அப்போதுதான் ஆரம்பித்திருந்தன. பாய் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் போய்விடுவான் என்று நினைத்தேன், போகவில்லை. வேறு வழக்குகள் வந்தன, போயின. அவன் மகன் வாசலில் நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டான், வீட்டில் எல்லோரும் காத்திருப்பார்கள். பாய் தலையை ஆட்டி அவனை அனுப்பிவிட்டான்.

டவாலி வந்து குனிந்தார். "யப்பா, உன்ன வுட்டாச்சு இல்ல? இது தண்டனை வாங்குனவங்க குந்துற எடம். நீ கெளம்பு."

"முடியாது சார்."

"இன்னாது முடியாது?"

பாய் என்னைக் கண்ணால் காட்டினான். "லோடு இன்னும் மேலதான் தொங்கிகினு கீது. அத்த எறக்காத ஆபரேட்டரு சீட்ட வுட்டு எறங்கக் கூடாது."

டவாலிக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்குப் புரியும், பாடத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிற விதி. என்னால் அவனைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். மேலே இருந்த மாஜிஸ்திரேட் டவாலியைப் பார்த்து, இருக்கட்டும் என்பதுபோலக் கையை அசைத்தார். பாய் நகராமல் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் அந்த அம்மா எழுந்து உள்ளே போன பிறகு, நான் எழுந்தேன். அப்புறம்தான் அவன் எழுந்தான்.